கண்ணாடி நலம்

மோந்த்ரிவால், பிரான்ஸ்
30 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்ருதி எழுதுவது. இங்கே நானும் நிதினும் சௌக்கியம். ஆக்லாந்தில் நீயும் மாமாவும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்?

"போன்ல பேசினா மூணாவது நிமிஷம் சண்டை வருது, இனிமே எதா இருந்தாலும் எழுது" என்று பொங்கலன்று போனை வைத்தாயே, அதற்கப்புறம் என் முதல் கடிதம் இது. ஈமெயில்தான். ஆனாலும் அப்பா மாதிரி ஊர், தேதியெல்லாம் போட்டிருக்கிறேன் பார். அன்றைக்கு நிதினின் பிசினஸைப் பற்றி நீ சொன்னதை மறந்துவிட்டேன். மறக்கவில்லை, ஆனால் கடிதத்தில் அப்படித்தானே எழுத வேண்டும்!

வீடு வாங்கி, கீழே தோசைக் கடையும் திறந்தாயிற்று. மேலே நாங்கள். அடியில் ஒரு நிலவறை. முன்காலத்தில் ஒயின் பீப்பாய் வைத்த இடமாம். நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். இந்த வீட்டில் நமக்குச் சொந்தம் மூன்று சுவர்தான் அக்கா. நாலாவது சுவர் சர்ச்சின் மணிக்கோபுரம்! ஊர் நடுவில் இருக்கும் புனித மார்த்தீன் பங்குக் கோயில் அது. அதன் கோபுரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு எங்கள் வீடு நிற்கிறது.

பிரெஞ்சு வகுப்பில் மதாம் கோலெத் என்று ஓர் அம்மா பழக்கமானார். சர்ச்சைச் சுற்றிக் காட்டுகிற சங்கத்துக்கு அவர்தான் தலைவி. "உனக்கு பிரெஞ்சு வரணும்னா வாயைத் திறக்கணும்" என்று என்னையும் வழிகாட்டியாகச் சேர்த்துவிட்டார். செப்டம்பரில் நாடு முழுக்கப் பழைய கட்டடங்களைத் திறந்துவிடும் நாள் வருகிறது. அன்று ஒரு கூட்டத்துக்கு நான் சரித்திரம் சொல்ல வேண்டும். அதுவரை உன்னிடம் தமிழில் ஒப்பிக்கப் போகிறேன். கேட்டுக்கொள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கட்ட ஆரம்பித்தார்கள். முதலில் பீடத்தின் பக்கம், அப்புறம் நடுக்கூடம், கடைசியில் கோபுரம். கட்டி முடிக்க ஐந்து தலைமுறை ஆனது. ஆரம்பித்த கொத்தனாரின் பேரனுக்குப் பேரன்தான் கோபுரத்தில் கல் வைத்தானாம்.

மற்றபடி விசேஷம் இல்லை. படுக்கையறையில் பீரோவுக்குப் பின்னால், அந்த நாலாவது சுவரில், ஒரு தலைமுடி அளவுக்குக் கோடு தெரிகிறது. பழைய கட்டடம்தானே. எதற்கும் உன்னிடம் சொல்லி வைக்கிறேன்.

அன்புத் தங்கை,
ஸ்ருதி

*

கிளென்ஃபீல்ட், ஆக்லாந்து
1 ஏப்ரல் 2025

அன்புள்ள ஸ்ருதிக்கு,

நாங்கள் நலம். இங்கே குளிர் ஆரம்பிக்கிறது, மாமாவுக்குத் தும்மலும்.

கடிதம் முழுக்கச் சரித்திரம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு விரிசலைச் செருகியிருக்கிறாய். உன்னை எனக்குத் தெரியாதா? பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டதையும் இப்படித்தான், பக்கத்து வீட்டு நாய்க்குட்டியைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு, "அப்புறம் மார்க் வந்துடுச்சு" என்றாய். என் பிழைப்பே விரிசல் பார்ப்பதுதான். ஆல்பனி ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு, பழைய கட்டடம் நிலநடுக்கத்தில் நிற்குமா விழுமா என்று நாள் முழுக்கக் கணக்குப் போடுகிறவளிடம் "எதற்கும் சொல்லி வைக்கிறேன்" என்றால் எப்படி?

ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை எடுத்து விரிசலுக்குக் குறுக்கே வை. இரண்டு ஓரத்தையும் இறுகும் பசையால் சுவரோடு ஒட்டு. தேதியை எழுது. சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். அசையாவிட்டால் அப்படியே இருக்கும். இது ரொம்பப் பழைய முறை, ஆனால் ஏமாற்றாது. ஒட்டி போட்டோ அனுப்பு. தண்ணீர்க் குழாய் எங்காவது கசிகிறதா பார். அங்கே போன கோடையில் வறட்சியா? களிமண் காய்ந்தால் சுருங்கும். பக்கத்தில் யாராவது ஏதாவது தோண்டுகிறார்களா? மூன்றுக்கும் பதில் வேண்டும்.

அக்கா,
லக்ஷ்மிப்ரியா

*

மோந்த்ரிவால்
21 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். கண்ணாடியும் நலம்! உன் உத்தரவுப்படி ஒட்டிவிட்டேன். பழைய சாமான் சந்தையில் வாங்கிய போட்டோ சட்டத்திலிருந்து எடுத்த கண்ணாடி. படம் இணைத்திருக்கிறேன். குழாய் எதுவும் கசியவில்லை, பிளம்பர் பார்த்துவிட்டார். போன கோடையில் மழையே இல்லை என்று கோலெத் சொல்கிறார். ஆக, உன் களிமண்தான் காரணமாக இருக்கும்.

இன்றைய பாடம்: பிரெஞ்சுப் புரட்சியின்போது இந்தச் சர்ச்சின் மணிகளை இறக்கிப் பீரங்கி வார்க்கக் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு மணி மட்டும் தப்பியது. கோயிலுக்குள் சாமிக்குப் பதிலாகக் கோதுமை மூட்டை அடுக்கினார்களாம். அதற்கும் ரொம்ப முன்னாலேயே சுற்றிலும் சிறு வியாபாரிகள் சர்ச் சுவரை ஒட்டி வீடு கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு சுவர் மிச்சம் பார்! மெழுகுவத்திக்காரன், செருப்புத் தைப்பவன், எங்கள் வீட்டில் ஒயின் வியாபாரி. மனிதன் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான்.

கடை நன்றாகப் போகிறது. திங்கட்கிழமை விடுமுறை. ஆனாலும் நிதினுக்கு அன்றைக்குத்தான் முதுகுவலி அதிகம். அரிசிச் சாக்கைத் தூக்கித் தூக்கி வந்த வலி. தைலம் தேய்த்துவிட்டு இதை எழுதுகிறேன், கீபோர்டு முழுக்க வழுக்குகிறது.

ஸ்ருதி

*

கிளென்ஃபீல்ட்
24 ஏப்ரல் 2025

அன்புள்ள ஸ்ருதிக்கு,

எல்லாரும் சுகம். பாப்பாவுக்கு மட்டும் லேசாகக் காய்ச்சல் வந்து போய்விட்டது. "சித்தி ஓகேவா?" என்று கேட்டாள். ஓகே என்று சொல்லியிருக்கிறேன்.

போட்டோ பார்த்தேன். மேல் மூலை உடைந்த கண்ணாடியை ஒட்டியிருக்கிறாய், சோம்பேறி. பரவாயில்லை, வேலை செய்யும். நான் மூன்று கேள்வி கேட்டேன், நீ இரண்டுக்குத்தான் பதில் எழுதியிருக்கிறாய். பக்கத்தில் யாராவது தோண்டுகிறார்களா?

நான் சும்மா பயப்படுகிறேன் என்று நினைக்காதே. நேற்று பக்குரங்கா போயிருந்தேன். சத்ய நந்த் என்று ஒரு ஃபிஜிக்காரர், செங்கல் கட்டடத்தில் டெய்ரி வைத்திருக்கிறார். பால், ரொட்டி, லாட்டரி விற்கிற மூலைக் கடை. வாசலுக்கு மேலே இருக்கும் கைப்பிடிச் சுவர் முன்பக்கமாகத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. அதற்கு அடியில்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஐஸ்கிரீம் தின்கிறார்கள். வாசலை அடைக்கச் சொன்னேன். அவருடைய தாத்தா சேலத்துக்காரராம், தமிழில் நாலு வார்த்தை தெரியும். அதில் இரண்டை எடுத்து "ஒண்ணும் ஆவாது மேடம்" என்றார். விழுகிற நாள் வரைக்கும் எல்லாக் கட்டடமும் நிற்கத்தான் செய்யும் ஸ்ருதி. கடைசியில் அவர் மனைவி மோகினிதான் உள்ளே இருந்து வந்து வாசல் ஷட்டரை இழுத்து விட்டார்.

மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுது.

அக்கா

*

மோந்த்ரிவால்
2 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம், கண்ணாடி நலம். இதோ புதுப் படம், உன் திருப்திக்கு. தாமதத்துக்கு மன்னித்துக்கொள், கோடை வந்தால் கடையில் மூச்சு விட நேரமில்லை.

இன்றைக்குச் சொல்லப்போவதுதான் சரித்திரத்தில் முக்கியமான கட்டம். ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சத்தில், மார்த்தீன் திருநாளன்று, கோபுரத்து மணி தானாக அடித்தது. கயிறு சும்மா தொங்குகிறது, யாரும் இழுக்கவில்லை, மணி மட்டும் அடிக்கிறது. ஊரே தெருவுக்கு வந்துவிட்டது. அற்புதம், புனிதரே மணி அடித்துக் கூப்பிடுகிறார் என்று, வயசானவர்களைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் உள்ளே ஓடினார்கள். கோபுரத்துக்கு நேர் கீழே முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினார்கள். அப்போது கோபுரம் விழுந்தது.

உள்ளே போன நிறையப் பேர் வெளியே வரவில்லை அக்கா. கோபுரம் சாய்ந்ததால்தான் மணி ஆடியிருக்கிறது. அது அவர்களுக்குத் தெரியவில்லை.

அடிப்பகுதி மட்டும் தப்பியது. அதன் மேலேயே திரும்பக் கட்டினார்கள். அப்போது வாசல் பக்கத் தூணின் உச்சியில் ஒரு பெண்ணின் முகத்தைச் செதுக்கினார்கள். கையால் வாயைப் பொத்தியிருக்கிறாள். "பக்தியினால் வந்த மௌனம்" என்று கோலெத் பார்வையாளர்களிடம் சொல்கிறார். நானும் அப்படித்தான் சொல்ல வேண்டும். ஊரில் வயசானவர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். கோபுரம் ஏன் சாய்ந்தது என்பதும் அதில் வருகிறது. அது நீளமான கதை, இப்போது வேண்டாம்.

பாப்பாவுக்கு முத்தம்.

ஸ்ருதி

*

கிளென்ஃபீல்ட்
3 ஜூன் 2025

ஸ்ருதி,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

ஏப்ரலில் நீ அனுப்பிய கண்ணாடிக்கு மேல் மூலை உடைந்திருந்தது. இப்போது அனுப்பிய கண்ணாடிக்கு நாலு மூலையும் இருக்கிறது. தேதி மட்டும் பழைய தேதி. அக்காவையே ஏமாற்றப் பார்க்கிறாயா? பழையது உடைந்திருக்கிறது, நீ புதிதாக ஒட்டிப் பழைய தேதியை எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் சுவர் அசைகிறது. வீட்டுச் சுவர் இல்லையடி, கோபுரத்துச் சுவர்! அதன் பக்கத்தில்தானே கட்டில் போட்டுப் படுக்கிறாய்?

எவ்வளவு விரிந்திருக்கிறது? எப்போது உடைந்தது? அந்தக் கோபுரம் ஏன் சாய்ந்தது? நீளமான கதையாக இருந்தாலும் எழுது.

லக்ஷ்மிப்ரியா

*

கிளென்ஃபீல்ட்
28 ஜூன் 2025

ஸ்ருதி,

பதில் இல்லை. மூன்று தடவை போன் பண்ணினேன், எடுக்கவில்லை. நிதினுக்குப் பண்ணினேன். "எல்லாம் ஃபைன் அண்ணி, அவ பிஸி" என்று வைத்துவிட்டார். மாமா என்னை "நீ ரொம்ப யோசிக்கிற" என்கிறார். யோசிக்காமல் எப்படி இருப்பது? பாத்திரம் ஏதாவது கீழே விழுந்தால்கூட உன் கண்ணாடிப் படத்தைத் திறந்து பார்க்கிறேன். சண்டை போட வேண்டுமானால் போடு, பேசாமல் மட்டும் இருக்காதே.

அக்கா

*

மோந்த்ரிவால்
19 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். கண்ணாடி நலம். நீ கேட்ட கதையை எழுதுகிறேன்.

கோபுரத்தை ஒட்டிய வீட்டில் ஓர் ஒயின் வியாபாரி இருந்தான் என்று சொன்னேன் இல்லையா? வியாபாரம் நன்றாகப் போனது. பீப்பாய் வைக்க இடம் போதவில்லை. நிலவறையின் கூரையை உயர்த்த முடியாது, அதனால் தரையைத் தோண்ட ஆரம்பித்தான். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் பங்குச் சாமியார் விடமாட்டார் என்று அவனுக்குத் தெரியும். மண்ணை அவன் மனைவி மடியில் கட்டிக்கொண்டு போய் ஆற்றில் கொட்டினாள். துணி துவைக்கப் போகிறாள் என்று ஊர் நினைத்தது.

மணி தானாக அடித்த அன்று அவளும் கூட்டத்தோடு சர்ச் வாசலில் நின்றாள். மணி ஏன் அடிக்கிறது என்று அந்த ஊரில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். எல்லாரும் அவளைத் தாண்டி உள்ளே ஓடினார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

வியாபாரியின் பெயர் இன்றும் ஊரில் தெரியும். அவளுடைய பெயர் யாருக்கும் தெரியாது. முகத்தை மட்டும் கல்லில் வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லாரும் "ஏன் அவள் சொல்லவில்லை?" என்று கேட்பார்களாம். கோலெத் தோளைக் குலுக்குவார். எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டாலே கோபம் வருகிறது அக்கா. சொல்லியிருந்தால் புருஷனைத் தூக்கில் போட்டிருப்பார்கள். அவன் கெட்டவன் இல்லை, கடையைப் பெரிதாக்க ஆசைப்பட்டான், அவ்வளவுதான். அவன் ஜெயிக்கமாட்டான் என்று சொன்னவர்களுக்கு முன்னால் ஜெயித்துக் காட்ட வேண்டும் என்று நினைத்திருப்பான். அவளும் அதை நினைத்துத்தான் மண் சுமந்திருப்பாள். நேற்று வரைக்கும் ஒன்றும் ஆகவில்லையே, இன்றைக்கும் ஆகாது என்று நின்றிருப்பாள்.

வெயில் கொளுத்துகிறது. உன் குளிரைக் கொஞ்சம் அனுப்பு.

ஸ்ருதி

*

கிளென்ஃபீல்ட்
21 ஜூலை 2025

ஸ்ருதி,

நிதின் நிலவறையைத் தோண்டுகிறார்.

உன் கடிதத்தை ஆபீஸில் படித்தேன். படித்து முடித்ததும் என் முகத்தைப் பார்த்துப் பக்கத்து மேஜை கம்லேஷ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் ஒரு மண்டு. கடை மூடியிருக்கிற திங்கட்கிழமையில் அரிசிச் சாக்கைத் தூக்கி ஒருவருக்கு ஏன் முதுகு வலிக்கும்? அந்தச் சாக்கில் அரிசி இல்லை. மூன்றாவது கேள்விக்கு நீ ஏன் பதிலே எழுதவில்லை என்று இப்போதுதான் உறைக்கிறது. கீழேயும் மேஜை போட்டு ஆட்களை உட்கார வைக்கலாம் என்று பார்க்கிறார், அதுதானே?

கேள். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபுரத்தின் அஸ்திவாரம் அந்த நிலவறைத் தரைக்குக் கொஞ்சம் கீழேதான் முடிந்திருக்கும். பக்கத்தில் இருக்கும் மண்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைவிட ஆழமாகத் தோண்டினால், அடியில் இருக்கும் மண் உங்கள் பள்ளத்துக்குள் சரியும். கல் நகரும். கண்ணாடி உடைந்தது அதனால்தான். ஒரு தடவை விழுந்த கோபுரம் அது, அதே காரணத்துக்காக.

இன்றைக்கே நிறுத்தச் சொல். நீங்களாகவே மண்ணைப் போட்டு மூடுகிறேன் என்று கிளம்பாதீர்கள், அதுவும் ஆபத்து. நகராட்சியில் போய்ச் சொல், அவர்கள் முட்டுக் கொடுப்பார்கள். அபராதம் போடட்டும், கடையை மூடட்டும். செப்டம்பரில் அதற்குக் கீழே ஒரு கூட்டத்தை நிற்க வைத்து நீ கதை சொல்லப்போகிறாய். நீ சொல்லாவிட்டால் நான் நகராட்சிக்கு எழுதுவேன்.

நிதினைப் பிடிக்காததால் இப்படிச் சொல்கிறேன் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். உயிரோடு இருந்து நினைத்துக்கொள்.

அக்கா

*

மோந்த்ரிவால்
10 ஆகஸ்ட் 2025

அக்காவுக்கு,

நாங்கள் நலம்.

நீ சொன்னதை நிதினிடம் சொன்னேன். "உங்க அக்காவுக்கு நான் என்ன பண்ணாலும் தப்பு. இது எண்ணூறு வருஷக் கட்டடம், என் மண்வெட்டிக்கா விழப்போகுது?" என்றார். ஆனால் தோண்டுவதை நிறுத்திவிட்டார். செப்டம்பர் கூட்டம் முடிந்ததும் கான்கிரீட் போட்டு மூடிவிடுவார். அதற்குள் நீ யாருக்கும் எழுதாதே. அனுமதி வாங்காமல் தோண்டியது தெரிந்தால் கடை போய்விடும். இங்கே வந்து ஒவ்வொரு ஆபீஸாக அலைந்து, "உங்களால முடியாது" என்று உன் வாயாலும் கேட்டு, அப்புறம் கிடைத்த கடை இது. நீ எழுதினால் உனக்கு இனிமேல் தங்கை இல்லை. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

முந்தாநாள் மத்தியானம் மணி ஒரு தடவை அடித்தது. காற்றாக இருக்கும். கோலெத்துக்கு ஒரே சந்தோஷம். அந்தப் பழைய மணி ரொம்ப வருஷமாக அடிப்பதில்லையாம். "மார்த்தீன் மீண்டும் அழைக்கிறார்" என்று செப்டம்பர் போஸ்டரில் போட்டுவிட்டார். இந்த வருஷம் இரண்டு மடங்கு கூட்டம் வரும் என்கிறார்.

காற்றுதான் அக்கா. இலைகூட அசையவில்லை, ஆனால் மேலே காற்று இருந்திருக்கும்.

ஸ்ருதி

*

கிளென்ஃபீல்ட்
5 செப்டம்பர் 2025

அன்புள்ள ஸ்ருதிக்கு,

எழுதிவிட்டேன். உன் கடிதம் வந்த அன்றே நகராட்சிக்கு எழுதினேன். பிரெஞ்சுக்கு மாற்றி, வரைபடம் போட்டு, என் பட்டம், பதவி எல்லாம் எழுதி அனுப்பினேன். "ஆகஸ்ட் விடுமுறை, செப்டம்பரில் சந்திப்போம்" என்று தானாக ஒரு பதில் வந்தது. போன் பண்ணினால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. நேற்று ஒருவழியாகப் பதில் வந்தது. புனித மார்த்தீன் கோயிலில் நான் காட்டும் ஆர்வத்துக்கு நன்றியாம். செப்டம்பர் இருபதாம் தேதி சுற்றுலாவில் எனக்கு இரண்டு இடம் ஒதுக்கிவிட்டார்களாம்! சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. திரும்ப எழுதியிருக்கிறேன், பதில் இல்லை.

டிக்கெட் பார்த்தேன். மாமா "போயிட்டு வா" என்கிறார். ஆனால் நான் வந்து என்ன செய்ய? அந்த ஊருக்கு நான் யாரோ. வெளியூர்க்காரி வந்து "கோபுரம் விழும்" என்று கத்தினால் பைத்தியம் என்பார்கள். நிலவறைக்குள் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்தவள் நீதான்.

அன்றைக்கு "உங்களால் முடியாது" என்று நான் சொன்னது தப்பு. அதற்காக நீ இந்தக் கோபுரத்துக்குக் கீழே நிற்கக் கூடாது ஸ்ருதி. எனக்குத் தங்கை இல்லை என்றாய். பேசாத தங்கையாக இருந்தாலும் சரி, எனக்கு வேண்டும்.

அக்கா

*

மோந்த்ரிவால்
23 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இல்லை.

இத்தனை மாதமாக ஒவ்வொரு கடிதத்திலும் நலம், நலம் என்று எழுதினேன். ஒன்றுகூட உண்மையில்லை. மே மாதமே கண்ணாடி உடைந்தது. அதற்கப்புறம் நான் ஒட்டியது எத்தனை என்று எனக்கே தெரியாது. நிதின் தோண்டுவதை நிறுத்தவும் இல்லை. சாக்கில் பாதியை நான்தான் வேனில் ஏற்றினேன்.

சனிக்கிழமை கூட்டம் அலைமோதியது. மணியைக் கேட்க வந்தவர்கள். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர், சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி. கோலெத் புதுச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். கொத்தனார், கோதுமை மூட்டை, பீரங்கி, எல்லாம் தங்குதடையில்லாமல் வந்தது. தூண்கிட்டே வந்து, அந்தப் பெண்ணின் முகத்தைக் காட்டினேன். தோள்மேல் குழந்தை வைத்திருந்தவர் கேட்டார்: "அவள் ஏன் சொல்லவில்லை?"

அப்போது மேலே மணி அடித்தது அக்கா. மெதுவாக, ஒரே ஒரு தடவை. எல்லாரும் கை தட்டினார்கள். இன்னும் நெருங்கி உள்ளே வந்தார்கள்.

"மணி அடிப்பது எங்கள் வீட்டால்தான். நாங்கள் தோண்டினோம். தயவுசெய்து வெளியே போங்கள்" என்று பிரெஞ்சில் சொன்னேன். நான் கதையில் வரும் அந்தப் பெண் மாதிரி நடிக்கிறேன் என்று நினைத்து மறுபடியும் கை தட்டினார்கள். கோலெத்தும் தட்டினார். திரும்பச் சொல்ல வாயெடுத்தேன். எனக்கு பிரெஞ்சு மறந்துபோய்விட்டது. ஒரு வார்த்தையும் வரவில்லை. வாயில் வந்தது தமிழ்தான். "வெளிய போங்க! எல்லாரும் வெளிய போங்கன்னு சொல்றேன்ல!" என்று, அம்மா நம்மை அடுப்படியிலிருந்து விரட்டுவாளே, அந்தக் குரலில் கத்தினேன். ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது. ஒருத்தர் பாக்கி இல்லாமல் ஓடினார்கள். சக்கர நாற்காலியை நானும் கோலெத்தும் தள்ளிக்கொண்டு வந்தோம்.

கோபுரம் விழவில்லை. தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள், பின்னால் எஞ்சினியர் ஒருவர் வந்தார். நிலவறைக்குள் போனவர் கொஞ்ச நேரத்திலேயே முகம் வெளுத்து மேலே வந்தார். கோபுரத்தின் ஒரு மூலைக் கல்லுக்கு அடியில் மண்ணே இல்லையாம், எங்கள் பள்ளத்தின் மேல் அந்தரத்தில் நிற்கிறதாம். ஒரு பெரிய மழை வந்திருந்தால் போதும் என்றார். இப்போது சுற்றிலும் இரும்பு முட்டு. நகராட்சிக்காரர் உன் கடிதத்தைத் தேடிப் பிடித்து, வரைபடத்தை எஞ்சினியருக்குக் காட்டினார். "சரியாக இருக்கிறது" என்றாராம். இரண்டு இடம் ஒதுக்கியதற்கு உன்னிடம் மன்னிப்பும் கேட்கச் சொன்னார்கள்.

கடைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். விசாரணை இருக்கிறது. எனக்கும் சேர்த்துத்தான். நிதின் என்னோடு பேசவில்லை. "கூட்டத்துக்கு நடுவுல சொன்னியே" என்று ஒரு வார்த்தை. அப்புறம் பெட்டியை எடுத்துக்கொண்டு பாரிஸ் பக்கம் அவர் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். வருவாரா என்று தெரியவில்லை. வர வேண்டும் என்று இருக்கிறது. அவரையும் நான்தானே காட்டிக் கொடுத்தேன். காலையில் எழுந்ததும் முதலில் அதுதான் நினைவுக்கு வருகிறது.

கோலெத் வீட்டு மாடியில் இருக்கிறேன். அவரும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இன்றைக்குத்தான் சூப் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அந்த முகத்தைப் பற்றி இனிமேல் என்ன சொல்வது?" என்று கேட்டார்.

எஞ்சினியர் கோபுரத்தின் வெளிப்பக்க விரிசல் முழுக்கப் புதுக் கண்ணாடி ஒட்டியிருக்கிறார். வேலிக்கு வெளியே நின்றாலே மேலே இருப்பவை தெரிகின்றன. தினமும் காலையில் போய்ப் பார்க்கிறேன். இன்று எடுத்த படம் இணைத்திருக்கிறேன். மூலைகளை நன்றாகப் பார்த்துக்கொள், இது ஒட்டிய அதே கண்ணாடிதான். உடையவில்லை.

கண்ணாடி நலம் அக்கா. நான்தான் இல்லை. எழுதி எழுதி எனக்குப் பொய்தான் வருகிறது. போன் பண்ணு. மூன்றாவது நிமிஷம் சண்டை வந்தாலும் பரவாயில்லை, வைத்துவிடாதே.

ஸ்ருதி